அனுபவம் எங்கே கிடைக்கும்?



வீட்டிலிருந்தபடியே வேலை செய்து கொடுத்தல் சாத்தூர் வட்டாரத்திற்குப் புதிதன்று. தீப்பெட்டித் தொழிற்சாலையிலிருந்து அட்டையும் தாளும் வீடு தேடி வந்தன. நம் அன்னையர் திண்ணையில் அமர்ந்து பெட்டி ஒட்டினர். 144 பெட்டி ஒரு குரோஸ் என்று எண்ணிக் கொடுத்துக் கூலி பெற்றனர். எவர் ஒட்டினாலும் பெட்டி ஒன்றே. ஆகவே கைத்திறனுக்குத் தனி விலை கிடைத்ததில்லை. அதே வீட்டிலிருந்து செய்யத்தக்க, செய்பவரின் திறனுக்கேற்ப விலை உயரும் வேறொரு வேலையைக் குறித்துப் பேச விரும்புகிறோம்.

ஒரு நிறுவனம் தன் இணையத்தளத்தை உருவாக்கவும் பேணவும் அனுபவமுள்ள புரோகிராமர் ஒருவரைத் தேடுகிறது. அவர் அலுவலகம் வரவேண்டியதில்லை. 2020 மார்ச் ஊரடங்கிற்குப் பின் இம்முறை பரவலாயிற்று. ஆயினும் ‘அனுபவம்’ என்னும் சொல்லைக் கண்டதும் நம் பிள்ளைகள் பின்வாங்குகின்றனர். வேலை கிடைத்தாலன்றோ அனுபவம் வரும் என்கின்றனர். நியாயமான கேள்விதான். ஆனால் வேலைக்கு அமர்த்துபவர் அச்சொல்லால் எதனைக் கருதுகிறார்?

புதிய பக்கம் ஒன்றை அமைப்பதற்காக மட்டும் அனுபவசாலியைத் தேடுவாரில்லை. பத்தாண்டுகளுக்கு முன் யாரோ பிஎச்பி மொழியில் எழுதி விட்டுச்சென்ற நிரலைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். நள்ளிரவில் தளம் நின்றுபோனால் காரணம் கண்டறிய வேண்டும். தீய எண்ணத்துடன் ஒருவர் படிவத்தில் இடும் எழுத்து, சேமித்து வைத்த தகவலையெல்லாம் அழித்துவிடாதபடி காக்க வேண்டும். இவ்வேலைக்கு எத்தனை நாளாகும் என்று மெய்யாகச் சொல்லவும், ஆகாததை ஆகாது என்று மறுக்கவும் தெரிய வேண்டும். தொலைவிலிருப்பவருக்கு இன்னொன்றும் தேவை: எழுத்து. இன்று செய்தது, தடைப்பட்டது, நாளை செய்யவிருப்பது ஆகியவற்றை நான்கு வரியில் தெளிவாக எழுதுபவரையே முதலாளி நம்புவார். (ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி என்றால் முகம் சுளிக்கும் மாணவர் இதனைக் கேட்க வேண்டும்.)

இவற்றையெல்லாம் எப்படிச் சரிபார்க்கிறார்கள்? லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய ‘கிட்’ என்னும் கருவி, நிரலில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் பெயருடனும் தேதியுடனும் பதிந்து வைக்கிறது. உலகில் பலரும் கூடி எழுதும் திறந்தமூல மென்பொருள்களுக்கு எவரும் பிழைதிருத்தம் அனுப்பலாம். அது ஏற்கப்பட்டால் பதிவு நிலைத்து நிற்கும். முதலாளி ஒருவரும் இல்லாமலே சேர்க்கத்தக்க அனுபவம் இது. இரண்டாண்டுக் காலம் இடைவிடாது செய்த அத்தகைய பதிவைச் சான்றிதழ்க் கட்டைவிட மேலானதாகவே நாம் கருதுகிறோம். முதற்படி வேண்டுவோர்க்கு அண்டையில் ஒரு வழியும் உண்டு. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011-இல் அலுவலகம் திறந்த சோஹோ நிறுவனம், பள்ளிப் படிப்பு முடித்தவரையும் தேர்ந்தெடுத்து, உதவித்தொகை தந்து பயிற்றுவிக்கிறது.

ஒன்றை மறைக்காமல் கூறுவோம். தனியார் வேலையில் நமக்கு இடஒதுக்கீடு இல்லை. தெரிந்தவர் பரிந்துரையால் நிரம்பும் இடங்கள் பல; பரிந்துரைக்க நமக்கு அங்கே மாமன் மச்சான் இல்லை. திரைக்கு அப்பால் சாதி தெரியாது என்றும் நம்பிவிட வேண்டா. தலித் பொறியாளர் ஒருவரை, அவர் சாதியை அறிந்த இந்திய மேலாளர்கள் ஒதுக்கி நடத்தினர் என்று குற்றஞ்சாட்டி, கலிபோர்னியா மாநில அரசுத்துறை 2020 ஜூனில் சிஸ்கோ நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. நிறுவனம் மறுத்தது, மேலாளர் இருவர்மீதான வழக்கு 2023-இல் திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைச் சட்டத்தால் தடைசெய்தது. செய்த வேலைக்குத் தேதியிட்ட பதிவு இருப்பின், ‘இவர் திறமையற்றவர்’ என்று எவரும் எளிதில் கூறிவிட இயலாது. வழக்கென்று வந்தாலும் அதுவே நம் சாட்சி.

இனி நடைமுறை. சோதனைக்காக ஒரு வேலை தருவார்கள். ஓரிரு மணியில் முடிவதாயின் செய்து கொடுங்கள். ஒரு வாரம் பிடிக்குமாயின் கூலி கேளுங்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் பெறுங்கள். பயிற்சிக் கட்டணம், காப்புத்தொகை என்று நம்மிடமே பணம் கேட்பவர் வேலை தருபவர் அல்லர். நியூயார்க்கில் காலை 9 மணி ஆகும்போது நமக்கு மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. அந்நேரத்தில் வேலை செய்யும் பெண்ணை வீட்டார் அடுப்படிக்கு அழையாதிருத்தல் வேண்டும்.