புயற்காலமும் மாதர் நலமும்

(ஆத்தூர் வட்டாரப் பஞ்சாயத்து உறுப்பினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



ஐப்பசி மழைக்கு முன் குளக்கரையையும் மதகையும் செப்பனிடுகிறோம். ஆயின், புயலுக்கு அஞ்சிப் பள்ளிக் கட்டிடத்தில் தங்க வரும் பெண்களின் மாதவிலக்குத் தேவையைப் பற்றி நாம் கூடிப் பேசியதில்லை. இன்று கூச்சமின்றிப் பேசுவோம்.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் நாகைக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்து, நம் திண்டுக்கல் மாவட்டத்தையும் தாக்கிச் சென்றது. அன்று தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், பூப்பெய்திய சிறுமி ஒருத்தி வழக்கப்படி வீட்டுக்கு வெளியே தனிக் குடிசையில் வைக்கப்பட்டிருந்தாள். தென்னை மரம் குடிசைமேல் வீழ்ந்தது, சிறுமி மாண்டாள். மரத்தை வீழ்த்தியது காற்று. அதன் அடியில் அவளை இருத்தியது நம் வழக்கம்.

மாதவிலக்கு நோயன்று; தீட்டுமன்று. உடலின் இயற்கை. அது வெள்ளம் வடியும்வரை காத்திராது. ஈரத் துணியை நெடுநேரம் மாற்றாதிருந்தால் அரிப்பும் புண்ணும் உண்டாகும். மறைவிடம் இல்லாவிடில் பெண்கள் தண்ணீர் அருந்துவதையே குறைத்துக்கொள்வர்.

உலகெங்கும் துயர்துடைப்புப் பணியாளர் பின்பற்றும் ஸ்பியர் கையேடு இதற்கு அளவு கூறுகிறது. ஒரு பெண்ணுக்கு ஆண்டுக்கு 4 சதுர மீட்டர் பருத்தித் துணி, அல்லது மாதத்துக்கு 15 நாப்கின். அதனுடன் மாதம் 250 கிராம் சோப்பு. ஆண்களுக்குக் கழிப்பிடம் 1 என்றால் பெண்களுக்கு 3 வேண்டும்.

அரசின் புதுயுகம் திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு நாப்கின் விலையின்றிக் கிடைக்கிறது. ஆயினும், பாதை அடைபட்ட நாளில் எப்பொருளும் ஊர் வந்து சேராது. ஆகவே முன்னரே சேமித்தல் வேண்டும். நெசவுக்குப் பேர்போன சின்னாளப்பட்டி பக்கத்திலிருக்க, பருத்தித் துணி நமக்கு அரிதோ?

ஒவ்வொரு பஞ்சாயத்தும் செய்யத்தக்கவை இவை:

1. துணி, நாப்கின், சோப்பு, மூடியுள்ள வாளி, கொடிக்கயிறு ஆகியவற்றை நனையாத பெட்டியில் வைத்தல்.

2. பெண்கள் கழிப்பிடத்துக்கு உட்தாழ்ப்பாளும் விளக்கும் தண்ணீரும் அமைத்தல்.

3. பொருள்களை வழங்கும் பொறுப்பைப் பெண் உறுப்பினரிடமும் சுகாதாரச் செவிலியரிடமும் விடுதல்.

4. பயன்படுத்திய நாப்கினைக் குடகனாற்றிலோ வாய்க்காலிலோ எறியாது, காகிதத்தில் சுற்றி, கிணற்றுக்கு அப்பால் குழியில் புதைத்தல்.

5. புயல் எச்சரிக்கை வந்ததும், விலக்கி வைக்கப்பட்ட பெண் எவரேனும் உளரா என வீடுதோறும் கேட்டு அழைத்து வருதல்.

உள்ளாட்சி இடங்களில் சரிபாதி மகளிர்க்கு உரியது. அடுத்த கிராம சபையில் அவர்களே இத்தீர்மானத்தை முன்மொழியட்டும், ஆடவர் வழிமொழியட்டும்.