பேசின் பிரிட்ஜில் நிற்கும் ரயிலும் சுனாமியும்

ஆவடியில் கடல் இல்லை. கிழக்கே சுமார் 20 கிலோமீட்டர் போனால்தான் வங்காள விரிகுடா. ஆனால் அலை இருக்கிறது, பருத்திப்பட்டு ஏரியில்.

இன்று உங்களோடு பேசுகிறவர் ஆவடிப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் இயற்பியல் வாத்தியார். அலைப் பாடம் வந்துவிட்டால் கரும்பலகையை விட்டுவிட்டுப் பிள்ளைகளை அந்த ஏரிக்கரைக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவார். தண்ணீரில் ஒரு கொட்டாங்கச்சியை வீசி, "அலை இதைக் கரைக்குக் கொண்டுவருமா?" என்று கேட்பார். "வந்துடும் சார்" என்று வகுப்பே கத்தும். ஒரு வருஷம் ஒருவன் ஆர்வக்கோளாறில் பக்கத்தில் நின்றவனின் செருப்பையே வீசிவிட்டான். நூறு அலை கரையில் மோதியிருக்கும், செருப்பு வரவில்லை. ஏறியது, இறங்கியது, கொஞ்சம் முன்னே சாய்ந்தது, பின்னே போனது. செருப்புக்காரன் ஒற்றைக் காலோடு வீட்டுக்குப் போன அன்று எல்லோருக்கும் பாடம் புரிந்தது. ஊர்ந்து வருவது தண்ணீர் இல்லை, அசைவு. தண்ணீர் இருந்த இடத்திலேயே ஒரு வட்டம் போட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறது.

அந்த அசைவைத் தருவது காற்று. எவ்வளவு வேகமாக வீசுகிறது, எவ்வளவு நேரம் வீசுகிறது, எவ்வளவு தூரத் தண்ணீர்மேல் தடையில்லாமல் ஓடுகிறது, இந்த மூன்றும் சேர்ந்துதான் அலையின் உயரம். ஏரியில் மூன்றாவது கிடைப்பதில்லை. அதனால்தான் ஆடிக்காற்று அடித்தாலும் அங்கே சாண் அலைக்கு மேல் எழும்புவது அபூர்வம். இந்துமாக்கடலின் தென்கோடியிலோ காற்றுக்குத் தடுப்பே கிடையாது. அங்கே அடிக்கும் புயல் கிளப்பிவிட்ட அலைகள் பல நாள் பயணம் செய்து, காற்றே வீசாத அமைதியான பகலில் கன்னியாகுமரிக் கரையில் வந்து ஏறும். கேரளத்து மீனவர்கள் இதற்கு வைத்த பெயர் 'கள்ளக்கடல்'. 2024 மே மாதம் குமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் இறந்தது கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாட்களில்தான்.

அலை ஏன் உடைகிறது? கரையோரம் ஆழம் குறையக் குறைய அலையின் அடிப்பாகம் தரையை உணர்ந்து தாமதிக்கிறது, தலைப்பாகம் முந்துகிறது, முந்திய தலை கவிழ்கிறது. ஒரு மீட்டர் அலை என்றால் ஏறக்குறைய 1.3 மீட்டர் ஆழத்துக்கு வந்ததும் உடையும். துறைமுகம் வருவதற்கு முன் சென்னைக்கு வந்த கப்பல்கள் இந்த உடைகோட்டுக்கு வெளியிலேயே நங்கூரம் போட்டு நின்றன. ஆளும் சரக்கும் கரைக்கு வந்தது மசூலா படகில். ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு அது. அலை அறைந்தால் உடையாமல் நெளிந்து கொடுக்கும்.

இனி சுனாமி. காற்றுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, நம் நேரப்படி காலை 6.28 மணிக்குச் சுமத்ராவுக்கு மேற்கே கடல்தரை பிளந்தது. நிலநடுக்க அளவு 9.1. பிளவு வடக்கே அந்தமான் வரை 1,200 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. தரை சில மீட்டர் உயர்ந்தபோது, அதன்மேல் நின்ற தண்ணீர் மொத்தமும், அடியிலிருந்து மேல்மட்டம் வரை, சேர்ந்து எழும்பியது. காற்றலை கடலின் தோலைச் சிலிர்க்க வைப்பதோடு சரி. இது கடலின் உடம்பையே அசைக்கிறது.

இதன் வேகத்தைத் தீர்மானிப்பது ஆழம் ஒன்றுதான். 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டர். ஆவடியில் ஏறிப் பீச் ஸ்டேஷனில் இறங்க இரண்டே நிமிஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள்! அப்படி ஓடியும் நடுக்கடலில் யார் கண்ணிலும் படாது. நிலநடுக்கத்துக்கு இரண்டு மணி நேரம் கழித்து ஜேசன்-1 என்ற செயற்கைக்கோள் இந்துமாக்கடலின் மேலே கடந்தபோது பதிவு செய்த உயரம் சுமார் 60 சென்டிமீட்டர். அதுவும் பல நூறு கிலோமீட்டர் நீளத்துக்குப் பரந்து கிடந்த மேடு. அன்று ஆழ்கடலில் வலை போட்டிருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கரைக்குத் திரும்பியபோது ஊர் இல்லை.

60 சென்டிமீட்டர் எப்படி ஆளை மூழ்கடிக்கும் உயரம் ஆனது? ஆவடி, அம்பத்தூர், கொரட்டூர் நேயர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பேசின் பிரிட்ஜில் முன்னால் போன ரயிலுக்கு சிக்னல் கிடைக்கவில்லை என்றால் என்ன ஆகும்? பின்னால் வேகமாக வந்ததெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி நிற்கும். வியாசர்பாடி வரைக்கும் கூட்டம். சுனாமிக்கும் அதே கதைதான். ஆழம் 10 மீட்டராகக் குறைந்த இடத்தில் வேகம் மணிக்கு 36 கிலோமீட்டராக விழுந்துவிடும். முன்பகுதி தயங்குகிறது, பின்பகுதி 700-ல் வந்துகொண்டே இருக்கிறது, நெருங்கிய தண்ணீருக்குப் போக இடம் மேலேதான். கணக்குப் போட்டால் அந்த 60 சென்டிமீட்டர் 10 மீட்டர் ஆழத்தில் 2.7 மீட்டர் ஆகும். அது மெரினா அலைபோலச் சுருண்டு உடைந்து முடிந்துபோவதும் இல்லை. ஏரி மதகு திறந்த மாதிரி பல நிமிஷம் விடாமல் உள்ளே ஏறும். காலை 9 மணிவாக்கில் சென்னையில் ஏறியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள்.

6.28-க்கும் 9-க்கும் இடையே இரண்டரை மணி நேரம் இருந்தது. அந்த நேரம் ஒரு ஊருக்குக் கொஞ்சமாவது பயன்பட்டது, அதை இந்த ஒலிவாங்கியின் முன் சொல்லாமல் போக முடியாது. புதுச்சேரியை அடுத்த நல்லவாடு. அந்த ஊர்ப் பையன் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சுமத்ரா செய்தியை அறிந்து வீட்டுக்குப் போன் போட்டார். தண்ணீர் உள்ளே வருகிறது என்று மறுமுனையில் பதில். எல்லோரையும் ஓடச் சொல்லுங்கள் என்றார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே நடத்திவந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் ஊருக்கே அறிவித்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின. சுமார் 3,600 பேர் பிழைத்தார்கள்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் முடிகிறதாம். ஐதராபாத்தில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. கடல்தரையில் அழுத்தம் பார்க்கும் கருவிகள் இருக்கின்றன. இருந்தாலும் ஒன்று. கடல் முதலில் உள்வாங்கும் என்று காத்திருக்காதீர்கள். 2004-ல் தாய்லாந்துப் பக்கம்தான் அப்படி. நம் பக்கம் முதலில் வந்ததே ஏற்றம், அதற்குப் பிறகே கடல் பின்வாங்கியது. அடுத்தமுறை மெரினா போனால் இரண்டு அலைக்கு நடுவே எத்தனை விநாடி என்று பிள்ளைகளோடு எண்ணிப் பாருங்கள், பெரும்பாலும் பத்துக்குள் அடங்கிவிடும். சுனாமியில் அந்த இடைவெளி பத்து நிமிஷமும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். முதல் அலை வடிந்ததும் மீன் பொறுக்கவோ செருப்பு தேடவோ இறங்காமல், அறிவிப்பு வரும்வரை மேட்டிலேயே இருங்கள்.