முதுகு உடைஞ்சது எங்க? – முன்னாள் ராணுவ வீரர்களின் ஊன பென்ஷன் மேல்முறையீடு

(பென்னலூர் தெருமுனைக் கூட்டத்தில் ஐ.டி. விங் சார்பில் பேசியது. நிறைய பேர் கேட்டதால் எழுத்தில் போடுகிறோம்.)

அஞ்சு நிமிஷம்தான் குடுத்திருக்காங்க, நேரா விஷயத்துக்கு வர்றேன்.

இருங்காட்டுக்கோட்டைல இருந்து ஒரகடம் வரைக்கும் நிறைய கம்பெனி கேட்ல முன்னாள் ராணுவ வீரர்தான் செக்யூரிட்டி. அப்படி ஒருத்தர் எனக்குத் தெரிஞ்சவர். 17 வருஷ சர்வீஸ். முதுகுத்தண்டுல டிஸ்க் விலகி நரம்பை அழுத்துது, இடது கால் மரத்துப் போகும். ஆனா 12 மணி நேரம் நிக்கிற வேலை. "உக்காருங்கண்ணே"ன்னா "கேமரா இருக்கு தம்பி"ம்பார்.

ராணுவத்துல இருந்து வெளிய வரும்போது மெடிக்கல் போர்டு 20 சதவீத ஊனம்னு எழுதிச்சு. கூடவே இன்னொரு வரி: இது ராணுவ சேவையால் வந்ததும் இல்லை, சேவையால் அதிகமானதும் இல்லை. அந்த ஒரு வரில ஊன பென்ஷன் போச்சு. லெட்டரை மடிச்சு டிரங்குப் பெட்டில வச்சுட்டார்.

நான் மெக்கானிக்கல் படிச்சவன். இங்க லைன்ல நிக்கிறவங்களுக்கு இது உடனே புரியும். ஒரு பார்ட்டை இன்ஸ்பெக்‌ஷன் பண்ணி, ஓகே ஸ்டிக்கர் ஒட்டி உள்ள எடுக்கிறோம். பல வருஷம் லோடு ஏத்துறோம். அப்புறம் கிராக் விட்டா, "வரும்போதே அப்படித்தான் இருந்துச்சு"ன்னு சொல்ல முடியுமா?

தரம்வீர் சிங் வழக்குல 2013 ஜூலைல உச்ச நீதிமன்றம் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். அவருக்கு வலிப்பு நோய், அதுவும் நரம்பு சம்பந்தப்பட்டதுதான். 1985-ல சேர்ந்தார், 1994-ல அதே 20 சதவீதத்தோட வெளிய அனுப்பிட்டாங்க. சேரும்போது அந்த நோய் இருந்ததா எந்தக் குறிப்பும் இல்ல. அப்போ சேவையால வந்ததுன்னுதான் எடுத்துக்கணும், இல்லைன்னா போர்டுதான் காரணம் எழுதி நிரூபிக்கணும், வீரர் நிரூபிக்க வேண்டியதில்லைன்னு தீர்ப்பு. வெறுமனே 'இல்லை'ன்னு ஒரு வரி பத்தாது.

அடுத்தது ராம் அவதார் வழக்கு, 2014 டிசம்பர். 50-க்குக் கீழ இருந்தா 50 சதவீதமாக் கணக்கு. முழு ஊனத்துக்குக் கடைசி அடிப்படைச் சம்பளத்துல 30 சதவீதம். சம்பளம் 20,000-ன்னு வச்சுக்குங்க. 20 சதவீதத்துக்கு மாசம் 1,200 ரூபாய் வரும். 50-ன்னு ஆக்கினா 3,000. சாகுற வரைக்கும்.

எல்லாரும் ஜெயிப்பாங்கன்னு பொய் சொல்ல மாட்டேன். 2023 செப்டம்பர் 21-க்கு அப்புறம் வெளிய வந்தவங்களுக்குப் புது விதி, அது இன்னும் கறார். பழையவங்களுக்கு வழி திறந்துதான் இருக்கு. முதல் அப்பீல், ரெண்டாவது அப்பீல், அப்புறம் சென்னைல இருக்கிற ஆயுதப்படைத் தீர்ப்பாயம். அப்பீல் போட்டு ஆறு மாசமா பதிலே இல்லைன்னாலும் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். போர்டு பேப்பர் தொலைஞ்சிருந்தா ரெக்கார்ட் ஆபீசுக்குத் தகவல் உரிமைச் சட்டத்துல எழுதுங்க. மெட்ராஸ் ரெஜிமென்ட்னா வெலிங்டன், சிக்னல்ஸ்னா ஜபல்பூர்.

ரொம்ப லேட் ஆயிடுச்சேன்னு நினைக்கிறீங்களா? தர்செம் சிங் 1983-ல வெளிய வந்து 16 வருஷம் கழிச்சுத்தான் கேஸ் போட்டார். பென்ஷன் மாசா மாசம் வர வேண்டியது, அதனால லேட்டானாலும் கேட்கலாம்னு 2008-ல உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு. ஆனா நிலுவை, கேஸ் போட்ட தேதிக்கு முந்தின மூணு வருஷத்துக்கு மட்டும். அதாவது, நாம சும்மா இருக்கிற ஒவ்வொரு மாசமும் பின்னாடி ஒரு மாசப் பணம் போகுது.

ஒரு கோபத்தையும் சொல்லிடறேன். 2015-ல பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் அமைச்ச நிபுணர் குழுவே, தேவையில்லாம வீரர்களைக் கோர்ட்டுக்கு இழுக்காதீங்கன்னு அறிக்கை குடுத்துச்சு. அதுக்கப்புறமும் தீர்ப்பாயத்துல ஜெயிச்சவங்க மேலயே அரசு அப்பீல் போயிட்டுதான் இருக்கு. எல்லைல நின்னவருக்கு எதிரா, அவர் வரிப்பணத்துலயே வக்கீல்!

ஞாயித்துக்கிழமை காலைல நம்ம கிளை அலுவலகத்துல லேப்டாப்போட உட்கார்ந்திருப்பேன். டிஸ்சார்ஜ் புக், மெடிக்கல் போர்டு பேப்பர், முடியாதுன்னு வந்த லெட்டர், மூணையும் எடுத்துட்டு வாங்க. எந்தக் கட்சின்னு கேட்க மாட்டோம். அந்த செக்யூரிட்டி அண்ணனுக்குத்தான் முதல் மனு டைப் பண்ணப் போறோம்.