தருவையில் தண்ணீர் கிடக்கும்போது

மணல்மேடும் நீர்நிலையும் பக்கம் பக்கமாகக் கிடக்கும் ஓர் இடத்தில் அரை நாள் நடந்துவிட்டு வர ஆசையா? பாளையங்கோட்டையில் விடியுமுன் கிளம்பி சாத்தான்குளம் போய்ச் சேருங்கள். அங்கிருந்து கடற்கரைப் பக்கமாகத் தெற்கே போகப் போக மண் சிவந்துகொண்டே வரும். பனைகளின் தூர் மணலில் புதைந்திருக்கும். தேரிக்காடு வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்யும் இந்த நிலத்தைப் புவியியல்காரர்கள் பாலைவனம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் காலுக்கு அந்தக் கணக்கு தெரியாது. மணல் துகளின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடுதான் அந்தச் செக்கச் சிவப்புக்குக் காரணம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வருகிற ஆடிக்காற்று இந்த மணலை இடம்விட்டு இடம் நகர்த்தும். சொக்கன்குடியிருப்பில் மணல் மாதா கோவில் இருக்கிறது. மணல் மூடிப் புதைந்து, பிறகு தோண்டி வெளியே எடுத்த கோவில். பெயரே அந்தக் கதையைச் சொல்லிவிடும்.

அந்த மணலுக்குப் பக்கத்திலா ஏரி என்று கேட்பீர்கள். பெய்கிற மழை தேரியில் ஓடுவதில்லை, உள்ளே இறங்கிவிடுகிறது. இறங்கிய நீர் பள்ளமான இடத்தில் மெல்லக் கசிந்து வெளியே வரும். திருச்செந்தூருக்குப் பக்கம் மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோவிலுக்குப் போனவர்கள் மணல்காட்டின் நடுவே அப்படியொரு சுனையைப் பார்த்திருப்பார்கள். நீர் பரந்து தேங்கும் பெரிய தாழ்வுகளுக்கு அங்கே தருவை என்று பெயர். புத்தன்தருவை, வைரவம்தருவை இரண்டும் அப்படிப்பட்டவை. நல்ல மழை ஆண்டில் தண்ணீர் கண்ணுக்கெட்டியவரை விரிந்து கிடக்கும். மழை பொய்த்தால் அதே இடத்தில் ஆடு மேயும்.

அதனால் திட்டமிடுகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: தருவையில் தண்ணீர் கிடக்கிறதா? அந்தப் பக்கத்து ஆள் யாரையாவது போனில் பிடித்துக் கேளுங்கள். நான் கேட்காமல் போனேன். ஒரு பங்குனி மாதம், நண்பர்கள் இருவரோடு, காலை ஒன்பதரை மணிக்கு, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீருடன். தருவை வறண்டு கிடந்தது. கரையோடு போகாமல் தேரிக்குள் குறுக்கே இறங்கினால் தூரம் குறையும் என்று நினைத்தோம். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி பனை, ஒரே மாதிரி மேடு. பதினோரு மணிக்குத் தண்ணீர் தீர்ந்தது. நண்பர் ஒருவருக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. பனையேறும் பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்து, ஓலைப்பட்டையில் பதனி ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "கரை இருக்கும்போது எதுக்கு அண்ணாச்சி தேரிக்குள்ள எறங்குனீங்க? வெயில் ஏறுமுன்ன திரும்பிரணும்லா?"

அவர் சொன்ன இரண்டு வாக்கியத்தை வைத்துத்தான் பிறகு நான் எல்லா நடையையும் திட்டமிட்டிருக்கிறேன். மாதம், தை அல்லது மாசி. மழை முடிந்து தருவை நிறைந்திருக்கும், வெயில் தணிந்திருக்கும், வலசைப் பறவைகளும் இருக்கும். மணிமுத்தாற்றில் இருக்கும் அகத்தியமலை மக்கள் சார் இயற்கைவளக் காப்பு மையத்தினர் 2011 முதல் பொங்கலையொட்டி நம் குளங்களில் பறவைகளைக் கணக்கெடுப்பதும் இதனால்தான். நேரம், ஆறு மணிக்கு முதல் அடி, பத்து மணிக்குள் கடைசி அடி. தூரம், ஆறு கிலோமீட்டர் போதும். தார்ரோட்டில் பத்து கிலோமீட்டர் நடக்கிறவருக்குக்கூட மணலில் இது சரியான நடை. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், கொஞ்சம் கருப்பட்டி, கடலை. பாதித் தண்ணீர் தீர்ந்ததும், எங்கே நின்றாலும் திரும்பிவிடுங்கள்.

போகும்போது தண்ணீரை ஒரு பக்கமாகவே வைத்துக்கொண்டு கரையோரம் நடங்கள். இடப்பக்கம் கிடந்த தண்ணீர் வலப்பக்கம் வந்தால் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறீர்கள். காற்று காலடித் தடத்தை அழிக்கலாம், தண்ணீரை அழிக்காது. தேரி மேட்டில் ஏற வேண்டுமென்றால் கரை கண்ணில் படும் தூரத்துக்குள் ஒரு மேடு ஏறி இறங்குங்கள். வற்றுகிற ஓரத்தில் மேலே காய்ந்து வெடித்திருக்கும் சேற்றை நம்பி மிதிக்காதீர்கள், உள்ளே ஈரம் இருக்கும். உடைமுள் செருப்பைத் துளைத்துவிடும் என்பதால் ஷூ வேண்டும். சுருட்டை விரியன் மணலோடு மணலாகக் கிடக்கும், ஆகவே கையில் ஒரு கம்பு. தேரியில் வனத்துறைக் காப்புக்காடும் உண்டு, அங்கே போவதென்றால் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். காற்று மணலை அரித்த இடங்களில் நகம் அளவுக் கல் சில்லுகள் தட்டுப்படலாம். ராபர்ட் புரூஸ் ஃபூட் காலத்திலிருந்து ஆய்வாளர்கள் தேடிவந்த நுண்கற்கருவிகளாக அவை இருக்கலாம். சாயர்புரம் முதலிய தேரிகளில் கிடைத்தவற்றைப் பற்றி சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் 1956இல் விரிவாக எழுதினார்கள். ஒரு சில்லு எந்த அடுக்கில் கிடக்கிறது என்பதை வைத்துத்தான் அதன் வயதைச் சொல்ல முடியும். பைக்குள் போட்டுக்கொண்டால் அது வெறும் கல். கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

நான் இந்தத் தையிலும் போகிறேன். அதற்கு முன் மழைக்காலம் முழுக்க ஒரு செய்திக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். மருதூர் அணைக்கட்டில் தாமிரபரணியிலிருந்து பிரிகிறது மேலக்கால். ஆற்றில் வெள்ளம் மிஞ்சும்போது அந்தக் கால் வழியாகச் சடையநேரிக் கால்வாயில் தண்ணீர் விடுவார்கள். வண்ணார்பேட்டைப் படித்துறையைத் தொட்டுக்கொண்டு போகிற அதே தண்ணீர், குளம் குளமாக நிறைந்து கடைசியில் அந்தச் சிவப்பு மணலின் காலடியில் போய் நிற்கும். சடையநேரியில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் ஷூவை எடுத்து வெயிலில் வைத்துவிடுவேன்.