செவிலியர் உரிமத் தேர்வும் நம் இளைஞர்களும்

(வெள்ளி விழாவில் நிகழ்த்திய உரை)

 

தொட்டால் தீட்டு என்று நம் முன்னோரை ஒதுக்கிய நாடு இது. அவர்களின் பேத்தியர் இன்று நோயாளியின் நாடியைத் தொட்டுப் பார்க்கின்றனர். புண்ணைக் கழுவிக் கட்டுகின்றனர். அவர்கள் கையைப் பற்றிக்கொண்டே நோயாளி எழுந்து அமர்கிறார். இத்தொழிலில் நம் பிள்ளைகள் இன்னும் உயர வேண்டும் என்னும் விழைவால், அமெரிக்காவில் செவிலியராகப் பணிபுரிய எழுத வேண்டிய உரிமத் தேர்வைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

தமிழ்நாட்டில் அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்தவர், 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அமைந்த செவிலியர் மன்றத்தில் பதிவு செய்துகொள்கிறார். அமெரிக்காவிலோ படிப்புக்கு மேல் என்கிளெக்ஸ் என்னும் தேர்விலும் வெற்றி பெற வேண்டும். இந்தியாவிலேயே அதற்கு மையங்கள் உண்டு. கட்டணம் 200 டாலர். இங்கிருந்து எழுதுவோர் மேலும் 150 டாலர் செலுத்த வேண்டும். தவறினால் 45 நாள்கள் காத்திருந்து, மீண்டும் பணம் கட்ட வேண்டும். கூலி வேலை செய்யும் பெற்றோருக்கு இஃது எத்தனை நாள் உழைப்பு என்பதை எண்ணிப் பாருங்கள். ஆகவேதான் முறையறிந்து படிக்க வேண்டும் என்கிறேன்.

1994 முதல் இத்தேர்வு கணிப்பொறியில் நடைபெறுகிறது. விடை சரியாயின் அடுத்த வினா கடினமாகும், தவறாயின் எளிதாகும். குறைந்தது 85, மிகுந்தது 150 வினாக்கள். நேரம் 5 மணி. ஆக, வினாவிற்கு 2 நிமிடம். கடந்துவிட்ட வினாவிற்குத் திரும்ப இயலாது. வினாக்கள் கடினமாகிக்கொண்டே போனால் கலங்காதீர்கள்; நீங்கள் நன்றாக எழுதுகிறீர்கள் என்பதற்கு அதுவே அடையாளமாகலாம். 2023 ஏப்ரல் முதல், ஒரு நோயாளியின் வரலாற்றைத் தந்து 6 வினாக்களைத் தொடராகக் கேட்கும் பகுதியும் உண்டு. பொருந்துவன எல்லாவற்றையும் குறிக்கச் சொல்லும் வினாக்களில், தவறான குறி பெற்ற மதிப்பெண்ணையும் குறைக்கும். எனவே எல்லாவற்றையும் குறித்து வைப்பது பயன் தராது.

இத்தேர்வு மனப்பாடத்தை விட முடிவெடுக்கும் அறிவையே மிகுதியாகச் சோதிக்கிறது. ஓர் எடுத்துக்காட்டு. நால்வர் படுக்கையில் இருக்கின்றனர். ஒருவருக்கு அறுவைக்குப்பின் வலி. ஒருவருக்குச் சர்க்கரை 180. ஒரு குழந்தைக்குக் காய்ச்சல். ஆஸ்துமா நோயாளி ஒருவருக்கு இதுவரை கேட்ட இழுப்புச் சத்தம் திடீரென அடங்கிவிட்டது, மூச்சுத் திணறல் தீரவில்லை. முதலில் யாரிடம் செல்வீர்கள்? சத்தம் அடங்கியதை நலம் என்று எண்ணுபவர் ஏமாறுவார். காற்றே உட்செல்லவில்லை என்பது அதன் பொருள். அவரிடமே ஓட வேண்டும். சுவாசப் பாதை, மூச்சு, இரத்த ஓட்டம் என்னும் வரிசையை நெஞ்சில் பதித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. 'மருத்துவருக்குத் தெரிவி' என்பதையே முதல் விடையாகக் கருதும் பழக்கம் நம்மிடம் உண்டு. இரத்தம் ஏற்றும்போது நோயாளிக்கு நடுக்கமும் முதுகுவலியும் தோன்றினால், இரத்தத்தை நிறுத்துவதே செவிலியரின் முதற்கடமை. மருத்துவருக்குத் தெரிவிப்பது அடுத்தது. மருந்துப் பெயர்களும் வேறுபடும். நம் பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென், அட்ரீனலின் எபிநெஃப்ரின், சால்பியூட்டமால் ஆல்பியூட்டரால். இவற்றைத் தனிப்பட்டியலாக எழுதிப் படியுங்கள்.

தமிழ்வழியில் பயின்றவர் ஆங்கிலத்தைக் கண்டு அஞ்ச வேண்டா. வினாவைப் படித்ததும், 'நோயாளி யார்? ஆபத்து எது? முதலில் செய்ய வேண்டுவது யாது?' என்று மூன்று கேள்விகளைத் தமிழிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நாளும் 50 வினாக்கள் பழகுங்கள். விடை தவறியவற்றுக்குத் தனி நோட்டு வைத்து, ஏன் தவறியது என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். அந்த நோட்டைவிடச் சிறந்த பாடநூல் உங்களுக்குக் கிடைக்காது.

பணம் குறைவென்று தளர வேண்டா. தேர்வு நடத்தும் அமைப்பே பாடத்திட்டத்தையும் மாதிரி வினாக்களையும் இணையத்தளத்தில் இலவசமாக அளிக்கிறது. முதலில் அவற்றைப் படியுங்கள். கல்லூரியில் பயின்ற புரூனர்–சுட்டார்த் நூலைத் தூக்கி எறியாதீர்கள். சாண்டர்ஸ் வினாவிடை நூலை நம் கழக நூலகம் வாங்கி வைத்தால் பலர் மாறிமாறிப் படிக்கலாம். கட்டணம் மிகுந்த கணிப்பொறி வினாத் தொகுப்புகளைக் கடைசி இரண்டு மூன்று மாதங்களுக்கு மட்டும் பெற்றால் போதும். வினாத்தாளை முன்கூட்டியே தருவதாகச் சொல்லும் தரகரை அண்டவிடாதீர்கள். எல்லோருக்கும் ஒரே வினாத்தாள் என்பது இத்தேர்வில் இல்லவே இல்லை!

கழகத்தாருக்கு என் வேண்டுகோள் ஒன்று. ஞாயிறுதோறும் நூலகத்தில் இம்மாணவர்க்கு ஓர் அறை ஒதுக்குங்கள். நால்வர் சேர்ந்து, 'இந்த விடை ஏன் சரி, அந்த விடை ஏன் தவறு?' என்று வாதிடட்டும். முதலில் தேறுபவர், தமக்கு அடுத்தவரைத் தேற்றிவிட்டே விமானம் ஏறட்டும். ஒருவர் ஏறியபின் ஏணியை எடுத்துவிடாமல் காப்பதற்கன்றோ இக்கழகம் தோன்றியது!