விலைவாசியின் எடைக்கல்



விலைவாசி உயர்வு தணிந்துவிட்டது என்று செய்தி வருகிறது. அதை நம்பித் திருவரங்கத்துத் தாய் பையைத் தூக்கிக்கொண்டு காவிரியைக் கடந்து காந்தி மார்க்கெட்டுக்குப் போகிறார். பருப்பின் விலையோ இறங்கக் காணோம். யார் பொய்யர்? இருவருமே அல்லர்! 100 ரூபாய்ச் சரக்கு ஓராண்டில் 110 ஆகி, அடுத்த ஆண்டில் 115 ஆனால், தணிந்தது ஏற்றத்தின் வேகம்; விலையன்று. வெள்ளம் ஏறும் வேகம் குறைந்தது என்று கொள்ளிடக் கரையிலே குடிசை போட்டவனை உறங்கச் சொல்லலாமா?

இந்த எண் எங்கே பிறக்கிறது? தொழிலாளர் குடும்பங்கள் எதற்கு எவ்வளவு செலவிடுகின்றன என்று முதலில் கணக்கெடுக்கிறார்கள். அதன்படி ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எடை. பிறகு, குறித்த கடைகளிலே, குறித்த பொருள்களின் விலையைத் தொடர்ந்து கேட்டு, மத்திய அரசின் லேபர் பீரோ குறியீட்டெண்ணை வெளியிடுகிறது. 2001ஐ அடிப்படையாகக் கொண்ட வரிசையிலே இருந்த 78 மையங்களுள் நம் திருச்சியும் ஒன்று. பொன்மலைப் பணிமனைத் தோழரின் அகவிலைப்படி, நம் தந்தையர் சொன்ன பஞ்சப்படி, இந்த எண்ணிலிருந்துதான் விளைகிறது.

சூட்சுமம் எடையிலே இருக்கிறது, தோழர்களே! 2001 வரிசையில் உணவுக்கும் பானங்களுக்கும் எடை 46.20. 2020இல் வெளியான, 2016 அடிப்படை வரிசையில் அது 39.17. உணவு விலை பத்து விழுக்காடு ஏறி, மற்றவை அசையாமல் நின்றால், பழைய எடையில் ஏற்றம் 4.62, புதிய எடையில் 3.92. அதே அரிசி, அதே தக்காளி, அதே வயிறு!

சூழ்ச்சி என்று கூச்சலிட நான் வரவில்லை. கூலி உயர உயர, கல்விக்கும் மருந்துக்கும் கைப்பேசிக்கும் செலவு பெருகும். உணவின் பங்கு சுருங்கும். உலகெங்கும் கண்ட உண்மை அது. ஆனால் யாருடைய உணவு? இந்தக் கணக்கு ஆலை, சுரங்கம், தோட்டம், ரயில், துறைமுகம் முதலான ஏழு துறைத் தொழிலாளருடையது. திருவரங்கத்து வீதியிலே பூக்கட்டி விற்கும் தாய், நூறு ரூபாய்ச் செலவில் எழுபதை உணவுக்கே கொடுப்பாரானால், அவர் வீட்டு ஏற்றம் ஏழு! அவருக்குப் பஞ்சப்படியும் இல்லை, பட்டியலிலே இடமும் இல்லை. அனைத்து மக்களுக்கும் என்று வேறொரு குறியீட்டெண் உண்டு. அதுவும் செல்வரையும் ஏழையரையும் ஒரே தராசிலே ஏற்றிய சராசரிதான்.

வீட்டு வாடகையோ மாதந்தோறும் ஏறுவதில்லை, இந்தக் கணக்கிலே! ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான், ஜனவரியிலும் ஜூலையிலும் புதுப்பிக்கிறார்கள். வீட்டுக்காரர் அத்தனை பொறுமைசாலியா என்பது குடியிருப்பவருக்குத் தெரியும்.

எண்ணைக் கேள்வி கேட்பது படித்தவர் வேலை என்று ஒதுங்காதீர்கள். 1963இல் பம்பாய்த் தொழிலாளர் குறியீட்டெண்ணையே எதிர்த்துக் கிளர்ந்தனர். மராட்டிய அரசு லக்டாவாலா தலைமையில் வல்லுநர் குழு அமைத்தது. எண் உண்மை ஏற்றத்தைக் குறைத்தே காட்டியது என்று அக்குழு கண்டது. ஆலைவாயிலில் எழுந்த ஐயத்தை அறிஞர் குழு மெய்ப்பித்தது!

ஆகவே, ஊதிய ஒப்பந்தத்திலே 'குறியீட்டெண்' என்ற சொல்லைக் கண்டால், எந்த ஆண்டு அடிப்படை என்று கேளுங்கள். 2016 வரிசையைப் பழைய 2001 வரிசையோடு இணைக்கும் எண் 2.88. புதியதில் 120 என்றால் பழையதில் 345.6. கையெழுத்திடும் முன் பெருக்கிப் பாருங்கள், தோழர்களே!