மாமியின் கடிதங்கள்

(சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

நான் மேடைப் பேச்சாளன் அல்ல. உயர்தரத்தோடு படிப்பை விட்டவன், இங்கே தொழிற்சாலையில் இரவு வேலை செய்பவன். சங்கத்தார் நெருக்கியதால் வந்து நிற்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

என்னோடு வேலை செய்யும் சுவிஸ்காரர் ஒருநாள் தன் அடையாள அட்டையைக் காட்டினார். அதில் பிறந்த ஊர் இல்லை, பூர்வீக ஊர்தான் இருக்கிறது. அந்த ஊருக்கு அவர் ஒருநாளும் போனதில்லையாம். எங்களுக்கு எதிர்மாறு. ஊர் தெரியும், அப்பப்பாவுக்கு மேலே பெயர் தெரியாது. தகப்பன் பெயர்தான் முதலெழுத்து. அது தலைமுறைக்குத் தலைமுறை மாறும். இங்கே பதிந்தபோது என் அப்பாவின் பெயரையே குடும்பப் பெயராக்கிவிட்டார்கள். இப்போது தபால்காரர் என் மனைவியைக் கூப்பிடுவதும் அப்பாவின் பெயர் சொல்லித்தான்!

பள்ளிக்கூடத்தில் மகளைக் குடும்ப மரம் கீறிவரச் சொன்னார்கள். சுன்னாகத்தில் இருக்கும் மாமிக்கு, அப்பாவின் தங்கச்சிக்கு, எழுதினேன். மாமி கொப்பித்தாளில் எழுதுவா. பக்கத்து வீட்டுப் பெட்டை அதைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்.

1995 ஒக்டோபரில் சனத்தோடு சனமாக நாவற்குழிப் பாலம் கடந்தபோது அப்பம்மா கொண்டுவந்தது ஒரே ஒரு பை. அதற்குள் காணி உறுதிகளும் அப்பப்பாவின் கல்வெட்டும். படங்கள், சாதகங்கள் எல்லாம் வீட்டோடு போய்விட்டன. உறுதியைச் சும்மா நினைக்காதீர்கள். ஒல்லாந்தர் 1707இல் எழுதிவைத்த தேசவழமைப்படி பெண்பிள்ளைக்குச் சீதனமாய்க் காணி போகும். ஆகவே பெண்களை உறுதியில்தான் தேடவேண்டும்.

மாமி அனுப்பிய உறுதியில், 1971இல் பூட்டி தன் இரண்டு பேத்திமாருக்கும் ஆளுக்கு 2 பரப்பு எழுதியிருந்தா. 1988இல் அச்சடித்த கல்வெட்டிலோ அப்பப்பாவுக்கு ஒரே மகள், மாமி மட்டும். அப்ப மற்றவ ஆர்?

கேட்டு எழுதினேன். பதில் வந்தது: "மாடு நாம்பன் கண்டு போட்டிருக்கு. கிணத்திலை தண்ணி வத்துது. கரண்ட் பில் கூடிப்போச்சு. பிள்ளைக்குச் சளி மாறிட்டுதே?" கேட்டதற்கு மறுமொழி இல்லை. மகள் மரத்தை அரைகுறையாகக் கொடுத்துவிட்டாள். நான் விடவில்லை. தை மாதம் திரும்பக் கேட்டேன். "மாமரம் இந்தமுறை நல்லாய்ப் பூத்திருக்கு." கனடாச் சித்தப்பாவிடம் கேட்டேன். "உந்தப் பழசுகளைக் கிளறாதை" என்று போனை வைத்துவிட்டார்.

அடுத்த கடிதத்தில் "இப்படிக்கு, மாமி" என்று எழுதி முடித்த பிறகு, தாளின் ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தா: "நீ கேட்டவ என்ரை அக்கா. 1976இலை வேறை சாதிப் பெடியனோடை போட்டா. ஐயா தலைமுழுகிப் போட்டார். கிளிநொச்சிப் பக்கம் இருந்தவையாம். பிறந்த பிள்ளைக்கு என்ரை பேரைத்தான் வைச்சவவாம். நான் போய்ப் பாக்கேல்லை."

வேலை முடிந்து காலை 6 மணிக்கு பஸ்ஸுக்குள் இருந்து வாசித்தேன். அங்கே பத்தரை. மாமி மாட்டோடு நிற்கும் நேரம். போன் எடுக்க மனம் வரவில்லை.

இது சபையில் சொல்லுகிற கதையா என்று சிலர் நினைப்பீர்கள். சாதி சொல்லிப் பிள்ளையை விலக்கிய வீடு எங்களுடையது மட்டுமில்லை என்று எனக்குத் தெரியும்.

மகளும் நானும் மரத்தைத் திருப்பிக் கீறினோம். பெரிய மாமியின் பெயரை எழுதி, அதற்குக் கீழே மாமியின் பெயர் வைத்த அந்தப் பிள்ளைக்கும் ஒரு கட்டம் போட்டோம். மாமிக்கு அனுப்பினேன். பதில் வர இரண்டு கிழமை எடுத்தது. கண்டு வளர்ந்திட்டுதாம். மாங்காய் விலை போகேல்லையாம். கடைசி வரி: "அக்காவின்ரை 2 பரப்பை நான் விக்கேல்லை. வருசா வருசம் வேலி அடைச்சுக்கொண்டு வாறன். ஊர்ச்சனம் அதை என்ரை எண்டு நினைக்குது."

அந்தப் பிள்ளைக்கு இப்போது ஐம்பதுக்குக் கிட்ட இருக்கும். இந்த மண்டபத்தில் கிளிநொச்சி, பரந்தன், வட்டக்கச்சிப் பக்கத்து ஆட்கள் இருக்கிறீர்கள். பெயரை மேடையில் சொல்ல மாமி விடவில்லை. சாப்பாட்டு நேரம் நான் கதவடியில் நிற்பேன், வந்து கதையுங்கோ.